இடுப்பிலிருந்து ஈறுக்கு

நான் பிறந்தபோது என் மேலுதடு இடப்பக்கம் மூக்குவரை பிளந்திருந்தது. வாயின் மேல்கூரையான அண்ணமும் பிளந்திருந்தது. ஆறு மாதத்தில் உதட்டைத் தைத்தார்கள். ஒன்றரை வயதில் அண்ணத்தை மூடினார்கள். பார்க்கிறவர்களுக்கு அதோடு விஷயம் முடிந்தது: உதட்டில் ஒரு தழும்பு, ஒரு பக்கம் சப்பையான மூக்கு, மூக்கால் வருகிற பேச்சு. உள்ளே ஒன்று மிச்சம் இருந்தது. மேல் ஈறில், முன்பல்லுக்குப் பக்கத்தில், எலும்பே இல்லாத ஓர் இடைவெளி. அதற்கு மேலே, உதட்டின் உள்பக்கம், ஒரு சின்ன ஓட்டை. டீ குடித்தால் இடது மூக்கில் சொட்டும். இருபத்தாறு வயதுவரை கைக்குட்டை இல்லாமல் நான் எதையும் குடித்ததில்லை.

இப்படிப் பிறந்த பிள்ளைகளின் அப்பா அம்மா யாராவது படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். "எலும்பு வைக்கணும்" என்று டாக்டர் சொல்லும் நாளில் என்ன கேட்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

என் அப்பா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். கடலுக்குப் போனால் எட்டுப் பத்து நாள் கழித்துத்தான் கரை. அவரை நான் நைனா என்று கூப்பிடுவேன். அம்மா திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் பில் போடுகிறேன். போன் எடுக்கிற வேலை பக்கத்து மேசைப் பெண்ணுக்கு. "உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்றுதான் முதலாளி சொன்னார். யாருக்குச் சிரமம் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் காலை பல் விளக்கும்போது இடைவெளிக்குப் பக்கத்து முன்பல் ஆடியது. அழுத்தினால் சீழ் வந்தது. தெருமுனைப் பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "பல்லுல தப்பில்லம்மா. அது நிக்கறதுக்கு எலும்பு இல்ல. இது பெரிய ஆஸ்பத்திரி வேலை" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் உதடு, அண்ணப் பிளவுக்கென்று வாரத்தில் ஒருநாள். வராந்தா பெஞ்சு முழுக்கக் கைக்குழந்தைகளோடு பெண்கள். பக்கத்தில் இருந்தவள் தன் குழந்தைக்குப் பாலாடையில் பால் ஊற்றிக்கொண்டே, "உங்க குழந்தை எங்கக்கா?" என்று கேட்டாள். "நான்தான்" என்றேன். அவள் என் உதட்டைப் பார்த்தாள், பிறகு மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். என்னைப் பார்த்து அவள் தைரியம் கொண்டாளா, இருந்ததையும் இழந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ரத்தம், நெஞ்சுப் படம், இதயத்துக்கு ஒரு பரிசோதனை, பிறகு முகத்தைச் சுற்றி வந்து படம் எடுக்கும் ஒரு ஸ்கேன். அடுத்த வாரம் அம்மாவும் நைனாவும் கூட வந்தார்கள். அறுவை செய்கிற டாக்டர் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். கணினித் திரையில் என் மேல்தாடையைத் திருப்பிக் காட்டினார். எலும்பு வெள்ளையாக வளைந்து வந்து, ஓர் இடத்தில் சட்டென்று நின்று, விரல் அகலத்துக்குக் கறுத்து, மறுபடி தொடங்கியது.

"இந்தக் குழியில எலும்பு வைக்கணும். எந்த எலும்புங்கறதுதான் கேள்வி" என்றார். நிதானமாகச் சொன்னார். "முதல் வழி, உங்க இடுப்பு எலும்புலேர்ந்து எடுக்கறது. அதுக்குள்ள பஞ்சு மாதிரி இருக்கும். அதுல உயிரணு இருக்கு. வெச்ச இடத்துல பிடிச்சு வளரும். நாங்க இன்னிக்கும் முதல்ல நம்பறது அதைத்தான். ஆனா இடுப்புல இன்னொரு காயம் வரும், சில வாரம் நொண்டி நடக்கணும், தொடை மரத்துப் போகலாம். வெச்சதுலயும் கொஞ்சம் கரைஞ்சு போகும்."

"இன்னொரு வழி?" என்று கேட்டேன்.

"குப்பியில வர்றது. மாட்டு எலும்பைச் சுத்தம் பண்ணி, சுண்ணாம்புச் சத்தை மட்டும் மிச்சம் வெச்சு செய்யறாங்க. இறந்தவங்க தானமா குடுத்த எலும்பும் அப்படி வருது. எலும்பே இல்லாம, ரசாயனத்துல செஞ்ச குருணையும் இருக்கு. இது எதுலயும் உயிர் இல்ல. கட்டடத்துக்குச் சாரம் கட்டற மாதிரி. உங்க உடம்பு அதுமேல ஏறி எலும்பைக் கட்டிக்கணும். சின்னக் குழின்னா நல்லாவே வருது. உங்களுது பெருசு, வயசும் ஆயிடுச்சு. நான் இடுப்புதான் சொல்வேன்."

அம்மா வாய்க்குள் முணுமுணுத்தாள். "மாட்டு எலும்பா? அத்த வாய்ல வெச்சிகினு கோயிலுக்கு எப்டிப் போவா?"

நைனா முன்னால் குனிந்தார். "இடுப்புல கை வெக்க வேணாம் டாக்டரம்மா. அந்தக் குருண கீதே, அத்தயே வெச்சிடுங்க."

கடலில் எதற்கும் அவசரப்படாத மனிதரின் குரலில் ஓர் அவசரம் இருந்தது. எனக்காகப் பயப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் பயம்தான். நடக்கிற காலை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

"உடம்பு உங்களுது. நீங்க சொல்லுங்க" என்று டாக்டர் என்னைப் பார்த்தார்.

"குருணையே வெச்சிடுங்க டாக்டர்" என்றேன். அரசுக் காப்பீட்டில் அது வராது, வெளியேதான் வாங்க வேண்டும் என்றார்கள். வாங்கினோம்.

ஆடிய பல்லை முதலில் பிடுங்கினார்கள். சீழ் வற்ற இரண்டு மாதம் ஆனது. அறுவை அன்று என் கையிலிருந்து ரத்தம் எடுத்து, சுழலும் இயந்திரத்தில் வைத்து, அதில் பால் ஏடுபோலத் திரண்டதைக் குருணையோடு பிசைந்து குழியில் நிரப்பினார்களாம். சீக்கிரம் ஆறுவதற்காக. நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூக்குச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். கஞ்சி மட்டும்தான்.

பன்னிரண்டாம் நாள் காலை நாக்கில் ஏதோ நெருடியது. விரலில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு குருணை.

"ரவக் கஞ்சிதானே குட்ச்ச? அதுவாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா.

பின்பல்லில் வைத்துக் கடித்தேன். உடையவில்லை. மறுநாள் கொப்பளித்துத் துப்பியபோது வாஷ்பேசினில் ஏழெட்டு. வாயில் நாற்றம். அம்மா குழாயைத் திறந்துவிடப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் எலும்பு என்று நினைத்திருந்தது அது. தண்ணீரில் போவதைப் பார்க்க மனம் வரவில்லை.

டாக்டர் வாயைப் பார்த்ததும் கையுறையை மாற்றினார். ஈறின் தையல் விட்டு, கிருமி புகுந்திருந்தது. மரக்கச் செய்து, வைத்ததையெல்லாம் சுரண்டி எடுத்தார்கள். "யார் தப்பும் இல்லம்மா. தழும்பு விழுந்த ஈறு, ரத்த ஓட்டம் குறைச்சல். சிலருக்கு இப்படி ஆயிடுது" என்றார். ஓட்டை முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. அன்று மாலை தண்ணீர் குடித்தபோது கைக்குட்டை போதவில்லை.

ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். கடையில், "இன்னா, ஆபரேசன் பண்ணிக்கினியே, ஒண்ணும் தெரிலயே" என்று லாரிக்காரர்கள் கேட்டார்கள். முன்பல்லும் போனதால் பேச்சு இன்னும் குழறியது. நான் வாயை மூடிக்கொண்டு பில் அடித்தேன்.

ஆறு மாதம் முடிந்து இரண்டாவது அறுவையைப் பற்றிப் பேசப் போன நாளில்தான் அது நடந்தது. அம்மாவும் நைனாவும் கூட வந்திருந்தார்கள். சின்ன வயசுச் சிகிச்சைக் கோப்பு இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். அதை எடுத்துக் கொடுக்க அம்மா இரண்டு நாள் இழுத்தாள். பரணில் தேடணும், எலி கடித்திருக்கும் என்றெல்லாம் சொன்னாள். கடைசியில் பிளாஸ்டிக் உறையோடு எடுத்துவந்தாள். டாக்டர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"பத்து வயசுல கூட்டிட்டு வந்திருக்கீங்களே" என்றார். "இடுப்பு எலும்பு வைக்கச் சொல்லி எழுதியிருக்காங்க. படுக்கைகூடக் குடுத்திருக்காங்க." பிறகு வாசித்தார். "தந்தை சம்மதிக்கவில்லை."

கீழே நைனாவின் கையெழுத்து. அவருக்கு எழுதத் தெரிந்தது அவர் பெயர் மட்டும்தான். முனுசாமி. முதல் எழுத்தின் வாலை நீளமாக இழுத்துவிடுவார். அதே வால்.

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. புதுப் பாவாடை சட்டை போட்டுக் கூட்டிப்போனார்கள். ஊசி போடப் போகிறார்கள் என்று அழுதேன். மதியமே திரும்பிவிட்டோம். வழியில் நைனா ஐஸ் வாங்கிக் கொடுத்தார். என்னை ஊசியிலிருந்து காப்பாற்றிவிட்டார் என்று அன்று முழுக்க அவர் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தேன்.

"ஏன் நைனா?" என்று கேட்டேன்.

அவர் டாக்டரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "பொட்டப் புள்ளம்மா. இடுப்புல கத்தி வெச்சா அப்பால புள்ள பெத்துக்க முடியாதுன்னு போட்டுல கூட வர்றவனுங்க சொன்னானுங்க. வாய்ல ஓட்ட கீது, அத்தோட வாழ்ந்துக்கலாம். இடுப்பு பூட்ச்சுன்னா இன்னா பண்ணுவா?"

டாக்டர் எழுந்து போய்க் கண்ணாடி அலமாரியிலிருந்து பிளாஸ்டிக்கில் செய்த இடுப்பெலும்பை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். "இதோ, இந்த முன்பக்க மேடு. நீங்க லுங்கி முடிச்சு போடற இடம். இங்கேர்ந்து ஒரு கரண்டி எடுப்போம். குழந்தை வர்ற வழி இங்க, நடுவுல. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல."

நைனா அதைக் கையில் எடுத்தார். அந்த மேட்டின்மேல் கட்டைவிரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார். நடு வட்டத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். மறுபடியும் மேட்டுக்கு வந்தார். வெளியே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

"அன்னிக்கு இத்த யாரும் காட்லியே" என்றார்.

பிறகு அவரே சொன்னார்: "என்னுத எட்த்துக்கோ டாக்டரம்மா. நான் கெய்வன். இனிமே என் இடுப்பு இருந்தா இன்னா, போனா இன்னா?"

"அது முடியாதுங்க. உங்க எலும்புல இருக்கற உயிரணுவை அவ உடம்பு வெளியாளுன்னு தள்ளிடும். அந்த உயிரணுவைக் கொன்னு, சுத்தம் பண்ணி வெச்சா, மறுபடியும் குப்பியில வர்றது மாதிரிதான். அவளோடதுதான் அவளுக்கு."

பிறகு டாக்டர் என்னிடம் மறைக்காமல் சொன்னார். பத்து வயதில் வைத்திருந்தால் கோரைப்பல் அந்தப் புது எலும்பு வழியாகவே இறங்கியிருக்கும். பல் இறங்கினால் எலும்பும் நிலைக்கும். இப்போது அந்த வாய்ப்பு இல்லை. இடுப்பு எலும்பு வைத்தாலும் எவ்வளவு நிற்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. நான் கையெழுத்துப் போட்டேன். என் சம்மதத்துக்கு நானே.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் நைனா இரண்டு முறை என் பக்கம் திரும்பினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவர் கடலுக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். அவருக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன், பேசவில்லை.

"எத்தினி நாளைக்குடி மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருப்ப?" என்று அம்மா கேட்டாள்.

"பதினாறு வருஷம்மா" என்றேன். "உனக்கும் தெரியும்ல?" அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது தடவை பெண்கள் வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ரெஹானா என்று ஒரு பெண், தண்டையார்பேட்டை. பத்து வயது. எனக்கு வைக்கப்போகிற அதே எலும்பு, அதே இடத்தில், அவளுக்கு முந்தின நாளே வைத்திருந்தார்கள். அவள் அம்மா பாத்திமா, நான் கேட்காமலே தன் மகளுக்கு வடிகட்டிய கஞ்சியில் பாதியை எனக்கென்று எடுத்து வைத்தார்; அறுவைக்காக எனக்கு அன்று பட்டினி என்று தெரிந்ததும் என் அம்மாவைக் குடிக்கச் சொன்னார்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது வாய் வலிக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். வாய் ஏதோ வீங்கிய பொருள்போல இருந்தது, அவ்வளவுதான். வலி முழுக்க இடுப்பில். கட்டிலை யாராவது இடித்தால்கூட உச்சந்தலைவரை ஏறியது. இருமக் கூடாது, இருமினால் இடுப்பு. தும்மக் கூடாது, தும்மினால் வாய். வார்டில் ஒரு குழந்தை அழுதால் வரிசையாக எல்லாக் குழந்தைகளும் அழும். நான் கண்ணை மூடிக்கொண்டு நாக்கால் தையலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன், குருணை நெருடுகிறதா என்று. தொடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். தொடாமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் நடந்தே ஆக வேண்டும் என்றார்கள். ஆண்களை நாலு மணிக்கு மேல்தான் வார்டுக்குள் விடுவார்கள். நைனா அந்த முறை கடலுக்குப் போகவில்லை. காலையிலிருந்து வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருந்ததாக அம்மா சொன்னாள். நாலு மணிக்கு வந்தார். பிசியோதெரபிப் பெண், "அப்பாவைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் வரைக்கும் போயிட்டு வாங்க" என்றாள்.

அவர் முழங்கையை நீட்டினார். பிடித்தேன். மன்னித்துவிட்டதால் பிடித்தேன் என்று சொல்ல முடியாது, கால் தாங்கவில்லை.

"மெல்ல. அவசரம் இன்னா கீது" என்றார். நான்கு கட்டில் தூரம் போவதற்குள் வேர்த்துவிட்டது. எங்களைத் தாண்டி ரெஹானா ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தபடி தண்ணீர் பாட்டிலோடு குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டாம் நாளுக்கே அப்படி நடந்தாள்.

"சின்னப் புள்ளைங்களுக்குச் சீக்கிரம் ஆறிடுதும்மா" என்றார் பாத்திமா. "டாக்டர் சொன்ன உடனே கூட்டினு வந்துட்டோம். நீங்க ஏம்மா இவ்ளோ லேட்டு?"

நைனாவின் முழங்கை இறுகியது என் விரலுக்குத் தெரிந்தது. பத்து வயதுப் பெண் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"எங்களுக்கு யாரும் சொல்லலக்கா" என்றேன்.

அது நைனாவுக்காகச் சொன்னதா, எனக்கே அவமானமாக இருந்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் கால்மாட்டில் நின்றார். ஐந்தரை மணிக்கு மணி அடித்து ஆண்களை வெளியே போகச் சொன்னபோது, என் செருப்பு இரண்டையும் சேர்த்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மாதம் நொண்டினேன். இந்தத் தடவை தையல் விடவில்லை. நெருடவும் இல்லை. தொடையின் வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போனது; இன்றும் அங்கே கிள்ளினால் வேறு யாருடைய தொடையையோ கிள்ளுவதுபோல இருக்கிறது. பேச்சு மாறவில்லை. அதற்கு எலும்பு மட்டும் போதாது, தனிப் பயிற்சி வேண்டும் என்றார்கள். ஓட்டை மூடிவிட்டது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி அந்த ஸ்கேன். தனியாகத்தான் போனேன். நைனா கடலில் இருந்தார். திரையில் கறுப்பாக இருந்த இடத்தில் இப்போது ஒரு வெள்ளைப் பாலம் தெரிந்தது. மெல்லிசாக, நடுவில் இறங்கி.

"பிடிச்சிருக்கு. ஆனா உயரத்துல பாதிதான் நின்னிருக்கு. மீதி கரைஞ்சுடுச்சு" என்றார் டாக்டர். எலும்பில் திருகு இறக்கிப் பல் வைக்க அது போதாது. பக்கத்துப் பற்களில் தாங்கவிட்டு ஒரு பல் கட்டிக்கொள்ளலாம். மறுபடியும் வைக்க வேண்டுமென்றால் இன்னொரு பக்கத்து இடுப்பு. "இப்ப முடிவு பண்ண வேணாம்" என்றார். நானும் சரி என்றேன். வெளியே வராந்தாவில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன். கைக்குழந்தைக்காரிகள் இருந்தார்கள்.

மூன்று நாள் கழித்துப் படகு கரைக்கு வந்தது. வழக்கமாக நான் துறைமுகத்துக்குப் போவதில்லை. அன்று காலை போனேன். பாதிதான் நின்றது என்று சொல்லிவிடுவது என்று ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கும் ஏலக் கூச்சலுக்கும் நடுவே நைனா என்னைப் பார்த்ததும் படகிலிருந்து இறங்கி வந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"ஸ்கேன் பாத்தாங்களா? முய்சா வந்துச்சா?"

"வந்துச்சு நைனா" என்றேன்.

அவர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். "காட்டு."

நான் பிறந்ததிலிருந்து அவர் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதே இல்லை. நானும் வெளியில் யாருக்கும் காட்டியதில்லை. அத்தனை பேருக்கு நடுவில் மேலுதட்டை விரலால் தூக்கினேன். அவர் குனிந்து, வெயிலுக்கு என் முகத்தைத் திருப்பி, நேரம் எடுத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரிலயே."

"உள்ள கீது நைனா. வெளிய தெரியாது."

"படம் குட்த்தாங்களா?"

"ஆஸ்பத்திரிலயே வெச்சிகினாங்க."

தலையை ஆட்டினார். என் தோளில் தொங்கிய பையை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நொண்டுவது நின்று மாதங்கள் ஆகியும் எனக்காக மெதுவாகவே நடந்தார்.

வீட்டுக்கு வந்து பையை ஆணியில் மாட்டும்போதுதான் கவனித்தேன். ஸ்கேன் படத்தின் உறை பைக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. நைனா குளிக்கப் போயிருந்தார். அதை எடுத்து என் துணிகளுக்கு அடியில் வைத்தேன். அவர் இன்றுவரை அதைப் பற்றிக் கேட்கவில்லை.